பெருமை ஏன் தலையான பாவம், தாழ்மையை எப்படிப் பழகுவது

பெருமையையும் தாழ்மையையும் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியில் மூன்று முடிச்சுகள் இருக்கின்றன. கொலையும் களவும் விபசாரமும் இருக்க, கிறிஸ்தவ மரபு பெருமையை ஏன் எல்லாப் பாவங்களுக்கும் தலையாக வைத்தது? தாழ்மை என்றால் "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பதா? சபையில் பொறுப்பு கூடக்கூட உள்ளுக்குள் ஏதோ தடித்துக்கொண்டு போகிறதே, அதற்கு என்ன செய்வது? மூன்றாவதற்குத்தான் நீளமான பதில் வேண்டும். ஆனால் முதல் இரண்டையும் அவிழ்க்காமல் அங்கே போனால், நோய் ஒன்றாகவும் மருந்து வேறொன்றாகவும் ஆகிவிடும்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் "பெருமை" நல்லதற்கும் வரும், கெட்டதற்கும் வரும். திருக்குறளின் 98-ஆம் அதிகாரத்துக்குப் பெயரே பெருமை. அங்கே அது சான்றோரின் குணம். அந்தப் பெருமை எப்போதும் பணிந்திருக்கும், சிறுமைதான் தன்னையே வியந்து அலங்கரித்துக்கொள்ளும் என்கிறார் வள்ளுவர். பிள்ளை நன்றாக வளர்ந்ததைப் பார்த்துப் பெற்றோர் அடையும் மகிழ்ச்சியையும் பெருமை என்றுதான் சொல்கிறோம். வேதாகமம் கண்டிப்பது இதை அல்ல. கொரிந்து சபையைக் குறித்துத் தாம் மேன்மைபாராட்டுவதாகப் பவுலே எழுதுகிறார் (2 கொரிந்தியர் 7:4). கண்டிக்கப்படுகிற பெருமைக்குத் தமிழ் வேதாகமத்தில் அகந்தை, மேட்டிமை, இறுமாப்பு, வீண்பெருமை என்று பல பெயர்கள் உண்டு. மேட்டிமை என்ற சொல்லுக்குள்ளேயே மேடு இருக்கிறது. மற்றவர்கள் நிற்கும் தரையில் நில்லாமல் தனக்கென ஒரு மேடு போட்டுக்கொள்வது அது. வீண்பெருமை என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லின் நேர்ப்பொருள் "வெறும் புகழ்", அதாவது உள்ளே சரக்கில்லாத புகழ்.

இனி முதல் கேள்வி. மற்றப் பாவங்கள் பெரும்பாலும் நம் பலவீனத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும். இச்சை, பயம், சோம்பல், பணத்தேவை என்று ஏதோ ஒரு விரிசல் அவற்றுக்கு வேண்டும். பெருமை நம் நன்மையைத் தின்று வளர்வது. ஜெபிக்காதவனுக்குத் தன் ஜெபத்தைப் பற்றிய பெருமை வர வழியில்லை. குடியை விட்டவனுக்குத்தான் குடியை விட்ட பெருமை வரும். வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் (354–430) துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குமுறையில் இதைச் சுருக்கமாகச் சொல்கிறார்: மற்றத் தீமைகள் தீய செயல்களைச் செய்விக்கும், பெருமையோ நற்செயல்களை அழிக்கவே அவற்றுக்குள் பதுங்கியிருக்கும். ஆகையால் நல்லவனாக வளர்வதால் மட்டும் இதிலிருந்து தப்ப முடியாது. வளர வளர அதற்குத் தீனியும் கூடுகிறது. உங்கள் மூன்றாவது கேள்விக்கான வேர் இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. திருடியவனுக்குத் தான் திருடன் என்று தெரியும். வெட்கம் அவனை என்றாவது ஒருநாள் முழங்காலில் நிறுத்தலாம். பெருமையுள்ளவனுக்கோ மன்னிப்புக் கேட்க ஒன்றுமே இருப்பதில்லை. ஆயக்காரரும் (வரி வசூலிப்பவர்களும்) வேசிகளும் உங்களுக்கு முன்னே தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்கிறார்கள் என்று இயேசு பிரதான ஆசாரியரிடமும் மூப்பரிடமும் சொன்னதன் பொருள் இதுதான் (மத்தேயு 21:31). ஆயத்துறையின் கொள்ளை சிறிய குற்றம் என்று அவர் சொல்லவில்லை. பிறனுக்கு உண்டாகும் சேதத்தை அளந்தால் கொலை பெரிதே. கிருபை நுழையும் வாசலை அடைப்பது எது என்று கேட்டால்தான் பெருமை முன்னே வந்து நிற்கிறது.

யாக்கோபு 4:6-ம் 1 பேதுரு 5:5-ம் ஒரே வாக்கியத்தைச் சொல்கின்றன: தேவன் பெருமையுள்ளவர்களுக்கு எதிர்த்து நிற்கிறார், தாழ்மையுள்ளவர்களுக்கோ கிருபை அளிக்கிறார். இது நீதிமொழிகள் 3:34-இன் கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. "எதிர்த்து நிற்கிறார்" என்பதற்கு அங்கே உள்ள சொல் போர்க்களத்துச் சொல், படையை அணிவகுத்து எதிரே நிறுத்துவதைக் குறிப்பது. கடவுள் நம்மைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார் என்பதல்ல, நமக்கு எதிரே அணிவகுத்து நிற்கிறார் என்பது. புதிய ஏற்பாட்டில் இதைவிடக் கலங்கவைக்கும் வாக்கியங்கள் அதிகம் இல்லை.

சாத்தான் பெருமையால் விழுந்தான் என்பதற்கு ஏசாயா 14-ஐக் காட்டுவது வழக்கம். அதில் ஒரு சிறு திருத்தம். ஏசாயா 14-இல் வரும் "அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே" என்ற பகுதி, அந்த அதிகாரத்தின் 4-ஆம் வசனத்தின்படி, பாபிலோன் ராஜாவின்மேல் பாடப்பட்ட வசைப்பாட்டு. எசேக்கியேல் 28 தீருவின் ராஜாவைக் குறித்தது. ஆதிச் சபையின் ஆசிரியர்களான சபைப் பிதாக்கள் இவ்விரண்டையும் சாத்தானுக்கும் பொருத்தி வாசித்தார்கள், லூசிபர் என்ற பெயரும் லத்தீன் மொழிபெயர்ப்பில் விடிவெள்ளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். அந்த வாசிப்பில் ஆழம் உண்டு. ஆனால் அது பிசாசின் கதை மட்டும்தான் என்று ஆக்கிவிட்டால், அரியணையில் உட்கார்ந்திருக்கும் மனிதன் தப்பித்துக்கொள்கிறான். "வானத்துக்கு ஏறுவேன், உன்னதமானவருக்கு ஒப்பாவேன்" என்று சொன்னவன் முதலில் ஒரு ஆட்சியாளன்.

இதை முதலில் நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தவர்கள் எகிப்தின் வனாந்தரத் துறவிகள். அவர்களில் எவாக்ரியுஸ் (345–399) மனிதனைத் தாக்கும் 8 எண்ணங்களைப் பட்டியலிட்டபோது, வீண்பெருமையையும் பெருமையையும் தனித்தனியாக வைத்தார். வீண்பெருமைக்குப் பார்வையாளர்கள் வேண்டும், பிறருடைய மெச்சுதல்தான் அதன் உணவு. பெருமைக்கு யாரும் வேண்டாம், கடவுளும் வேண்டாம், எல்லாம் என்னால் ஆனது என்று அது தனியாகவே நிற்கும். கைதட்டலுக்கு ஏங்குகிறவனைப் பார்த்து நாம் எளிதில் முகம் சுளிக்கிறோம். ஆனால் கைதட்டலே தேவைப்படாத அளவுக்குப் பிறரைத் துச்சமாக நினைக்கிறவன்தான் அதிக ஆபத்தில் இருக்கிறான். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் ரோமின் முதலாம் கிரகோரி (போப்பாக 590–604) பெருமையைப் பட்டியலிலிருந்தே வெளியே எடுத்து, எல்லாத் தீமைகளுக்கும் ராணியாக்கி, மற்ற 7-ஐ அதன் பிள்ளைகளாக வைத்தார்.

கிரகோரி தந்த இன்னொரு வகைப்பாடு தன்னைச் சோதிக்க மிகவும் உதவும். பெருமைக்கு 4 உருவங்கள் என்கிறார். என்னிடம் உள்ள நன்மை என்னிடமிருந்தே வந்தது என்று நினைப்பது முதலாவது. இதை வாய்விட்டுச் சொல்லும் விசுவாசி அபூர்வம். இரண்டாவதில்தான் சபைகள் வழுக்குகின்றன: நன்மை கடவுளிடமிருந்துதான் வந்தது, ஆனால் நான் தகுதியாய் இருந்ததால் தந்தார் என்பது. "கர்த்தர் என் உண்மையைப் பார்த்து ஆசீர்வதித்தார்" என்று சாட்சி சொல்லும்போது வாக்கியம் முழுக்கக் கர்த்தர் இருப்பார், பாரம் எல்லாம் "என் உண்மை" என்பதில் இருக்கும். மூன்றாவது, இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. செய்யாத உபவாசம், பெறாத வெளிப்பாடு, கூட்டிச் சொன்ன எண்ணிக்கை எல்லாம் இதில் வரும். நான்காவது, உள்ளதைக் கொண்டே மற்றவர்களை இகழ்ந்து, தனக்கு மட்டுமே இருப்பதுபோல் தோன்ற விரும்புவது. இந்த நான்காவதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: உங்களுக்குள்ள அதே வரம் பக்கத்தில் இருப்பவருக்கும் இருக்கிறது என்று தெரிந்ததும், உள்ளே என்ன அசைந்தது?

ஆலயத்தில் ஜெபித்த பரிசேயன் (நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவினன்), ஆயக்காரன் ஆகிய இருவரின் உவமையை (லூக்கா 18:9–14) இந்த வகைப்பாட்டை வைத்துக்கொண்டு மீண்டும் வாசியுங்கள். பரிசேயன் பொய் சொல்லவில்லை. நியாயப்பிரமாணம் பாவநிவாரண நாளில் வருடத்துக்கு ஒருமுறை மட்டுமே உபவாசத்தைக் கட்டளையிட்டிருக்க, அவன் வாரத்துக்கு இரண்டுதரம் உபவாசித்தான். தசமபாகமும் சம்பாத்தியம் எல்லாவற்றிலும் கொடுத்தான். அதோடு, தன் நன்மைக்காகக் கடவுளுக்கு நன்றியும் செலுத்துகிறான்: "உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்." நன்றி சொல்லிவிட்டால் பெருமை தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அவன் ஜெபத்தில் கேட்பதற்கு ஒரு விண்ணப்பம்கூட இல்லை. அளவுகோலாகக் கடவுளை வைக்காமல் பக்கத்தில் நின்ற ஆயக்காரனை வைத்தான். ஒப்பீடு இல்லாமல் பெருமையால் மூச்சுவிட முடியாது. "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்றவனோ அளந்து பார்க்க யாரையும் தேடவில்லை. கிழக்கத்திய திருச்சபைகளில் நூற்றாண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டுவரும், "இயேசு கிறிஸ்துவே, பாவியாகிய என்மேல் இரங்கும்" என்னும் இயேசு ஜெபம் இந்த ஒரு வரியின் சாயலைத்தான் தாங்கியிருக்கிறது.

பெருமை திடீரென்று வருவதில்லை, படிப்படியாக இறங்குகிறது. ஆசீர்வாதப்பர் என்று தமிழில் அழைக்கப்படும் பெனடிக்ட், 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய துறவற ஒழுங்கின் 7-ஆம் அதிகாரத்தில் தாழ்மைக்கு 12 படிகள் வைத்தார். 12-ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்தின் பெர்னார்டு (1090–1153) அதே ஏணியைத் தலைகீழாகப் பிடித்துப் பெருமையின் 12 படிகளை எழுதினார். அதில் முதல் படி அகந்தையான பேச்சு அல்ல, கண். அடுத்தவர் என்ன செய்கிறார், யாருக்கு என்ன கிடைத்தது என்று அலையும் ஆவல். தன்னைப் பார்க்க வேண்டிய கண் வெளியே சுற்றத் தொடங்கியதும் மனம் ஏறி இறங்குகிறது. தன்னைவிடத் தாழ்ந்தவனைக் கண்டால் மகிழ்ச்சி, உயர்ந்தவனைக் கண்டால் பொறாமை. அடுத்து அர்த்தமில்லாத களிப்பு, தற்புகழ்ச்சி, எல்லாரும் செய்வதில் நிறைவடையாமல் தனக்கென்று விசேஷமாக ஒன்றைச் செய்யும் தனித்துவ ஆசை. எல்லாரும் உபவாசிக்கும் நாளில் சும்மா இருந்துவிட்டு யாரும் உபவாசிக்காத நாளில் உபவாசிப்பது இந்தப் படி. பிறகு தன்னைப்பற்றி உயர்ந்த எண்ணம், கேட்காத இடத்திலும் கருத்துச் சொல்லும் துணிவு, எட்டாவதாகத் தன் குற்றத்துக்குச் சாக்கு. ஒன்பதாவது படியில் அவர் வைத்திருப்பது போலியான பாவ அறிக்கை: யாரும் நம்பாத அளவுக்குப் பெரிய குற்றங்களைத் தன்மேல் சுமத்திக்கொள்வது, உண்மையான சிறிய குற்றத்தை ஒருவர் சுட்டிக்காட்டினால் சீறுவது. அதன் பிறகு அதிகாரத்தை எதிர்த்தல், பயமற்ற பாவம், பாவமே பழக்கமாதல். எட்டு, ஒன்பது படிகள்தான் நடைமுறையில் முக்கியம். அவற்றுக்கு முந்திய படிகளை எளிதில் திருத்தலாம். சாக்கும் போலி அறிக்கையும் வந்துவிட்டால் திருத்துவதற்கான வழியே அடைபட்டுப்போகிறது.

பொறுப்பும் வெற்றியும் சேரும்போது என்ன நடக்கும் என்பதற்கு வேதாகமத்தில் உசியா ராஜாவின் வரலாறு இருக்கிறது (2 நாளாகமம் 26). பதினாறு வயதில் ராஜாவாகி 52 வருடம் ஆட்சி செய்தான். கோபுரங்கள் கட்டினான், துரவுகள் வெட்டினான், அவன் சேனையில் 3,07,500 பேர். தொடக்கத்தில் சகரியா என்ற ஒருவர் அவனுக்கு அருகிலிருந்து தேவபயத்தைக் கற்பித்தார் என்று 5-ஆம் வசனம் சொல்கிறது. பிறகு அந்தப் பெயர் அந்த அதிகாரத்தில் வருவதே இல்லை. "அவன் பலப்பட்டபோது, தனக்குக் கேடுண்டாகுமட்டும், அவன் மனம் மேட்டிமையாகி" என்று 16-ஆம் வசனம் திரும்புகிறது. அவன் விக்கிரகத்தை வணங்கப் போகவில்லை. ஆலயத்துக்குள் கர்த்தருக்குத் தூபங்காட்டத்தான் போனான். செயல் பரிசுத்தமானது, ஆனால் அது அவனுடைய வேலை அல்ல, ஆசாரியரின் வேலை. ஆசாரியனாகிய அசரியாவும் வேறு 80 ஆசாரியரும் தடுத்தபோது கோபங்கொண்டான். நெற்றியில் குஷ்டம் தோன்றியது அந்தக் கோபத்தின் நடுவில். கண்டனம் வந்த கணத்தில் அவன் இறங்கியிருந்தால் என்ற எண்ணம் இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் வரும்.

ஊழியத்தில் பெருமை இப்படித்தான் வரும். அது ஆராதனையின் உடையிலேயே, "இதையும் நானே செய்துவிடுகிறேன்" என்ற ஆர்வமாக வரும். நூதன சீஷனை, அதாவது புதிதாக விசுவாசியானவனை, சபைத் தலைமையான கண்காணிப் பொறுப்பில் வைக்கக்கூடாது, வைத்தால் இறுமாப்படைவான் என்று 1 தீமோத்தேயு 3:6 விதி வைத்திருப்பது இந்த ஆபத்தை அறிந்துதான். திறமையுள்ள இளைஞரை ஒரே வருடத்தில் மேடையேற்றுகிற சபைகள் அவருக்கு நன்மை செய்வதாக நினைக்கின்றன. உண்மையில் அவருடைய ஆத்துமாவைப் பணயம் வைக்கின்றன.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். தாழ்மை என்பது தன்னை மட்டம்தட்டிக்கொள்வது அல்ல. ரோமர் 12:3 இதற்கு நேரான விளக்கம்: எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல், தெளிந்த எண்ணமுள்ளவனாய் எண்ணவேண்டும். தெளிவுதான் அளவு. உள்ளதைக் கூட்டுவது பெருமை, உள்ளதைக் குறைப்பதும் பொய்தான். ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலாவின் தெரேசா (1515–1582) தாழ்மை என்றால் உண்மையில் நடப்பது என்றார். பவுலைப் பாருங்கள்: அப்போஸ்தலர் எல்லாரிலும் நான் சிறியவன் என்று சொன்ன அதே மூச்சில், "அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்" என்கிறார் (1 கொரிந்தியர் 15:9–10). இரண்டும் உண்மை. அதையடுத்து "நான் அல்ல, தேவகிருபையே" என்ற வார்த்தை நிற்பதால் இரண்டும் ஒன்றோடொன்று முட்டவில்லை. இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் (1225–1274) இதையே முறைப்படுத்தினார்: பெரிய காரியங்களுக்குத் துணியும் உள்ளமும் தாழ்மையும் எதிரிகள் அல்ல. கடவுள் தந்ததைப் பார்த்துத் துணிகிறோம், நம் குறையைப் பார்த்துத் தாழ்கிறோம்.

ஆகவே தாழ்வு மனப்பான்மையைத் தாழ்மை என்று எண்ணி ஏமாறாதீர்கள். தாழ்வு மனப்பான்மையும் பெருமையைப்போலவே நாள் முழுக்கத் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதுதான். ஒன்று கண்ணாடியைப் பார்த்து ரசிக்கிறது, மற்றது அழுகிறது. இயேசு சீஷருடைய கால்களைக் கழுவுவதற்கு முன் யோவான் எழுதிவைத்த வசனத்தைக் கவனியுங்கள் (13:3). பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்றும், தாம் தேவனிடத்திலிருந்து வந்து தேவனிடத்திற்குப் போகிறார் என்றும் அறிந்து, எழுந்து, சீலையைக் கட்டிக்கொண்டார். தாம் யார் என்று நிச்சயமாகத் தெரிந்தவரால்தான் குனிய முடிந்தது. இடம் பறிபோகும் என்று பயப்படுகிறவனால் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொட முடியாது. அன்றிரவு அந்த அறையில் யார் பெரியவன் என்ற வாக்குவாதமும் நடந்தது என்று லூக்கா 22:24 சொல்கிறது.

பிலிப்பியர் 2-ஐயும் இதோடு வைத்துப் பார்க்கலாம். ஒன்றையும் வீண்பெருமையினால் செய்யாதிருங்கள் என்று 3-ஆம் வசனம். அவர் தம்மைத்தாமே வெறுமையாக்கினார் என்று 7-ஆம் வசனம். மேலே சொன்ன "வெறும் புகழ்" என்ற கிரேக்கச் சொல்லும் "வெறுமையாக்கி" என்பதும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. வெறுமையாயிருப்பவன் நிறைந்தவன்போல் ஊதிக்கொள்கிறான், நிறைந்தவரோ தம்மை வெறுமையாக்குகிறார். இதைப் பவுல் இறையியல் பாடத்துக்காக எழுதவில்லை. அந்தச் சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு ஊழியப் பெண்கள் ஒருமனப்படாமல் இருந்தார்கள் (4:2). சிலுவையைப் பற்றிய மிக உயர்ந்த வரிகளில் சில, ஒரு சபைக்குள் இருந்த பிணக்கின் நடுவே எழுதப்பட்டவை.

இங்கே ஓர் எச்சரிக்கை, இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அடிபடுகிறவரிடம், ஏமாற்றப்பட்டவரிடம், தவறைக் கேள்வி கேட்கிறவரிடம் "தாழ்மையாயிரு" என்று சொல்லி வாயடைக்கிற வழக்கம் உண்டு. இது வேதத்தைத் திரிப்பது. பிரதான ஆசாரியன் முன் கன்னத்தில் அறைந்தவனைப் பார்த்து, "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று இயேசு கேட்டார் (யோவான் 18:23). பிலிப்பி பட்டணத்தில் விசாரணையின்றி அடித்துச் சிறையில் வைத்த அதிகாரிகள் இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தபோது, அவர்களே நேரில் வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்று பவுல் மறுத்தார் (அப்போஸ்தலர் 16:37). தாழ்மை தனக்காகத் தானே எடுத்துக்கொள்வது. மேலிருப்பவர் கீழிருப்பவர்மேல் சுமத்துவதற்குப் பெயர் அடக்குமுறை.

இனி பழகும் முறை. தாழ்மையாய் உணர வேண்டும் என்று முயலாதீர்கள், உணர்வை நேராகப் பிடிக்க முடியாது. உண்மையான தாழ்மை தன்னைத் தாழ்மை என்று அறியாது என்று மார்ட்டின் லூதர் 1521-இல் மரியாளின் பாடலுக்கு எழுதிய விளக்கத்தில் சொன்னார். ஆகவே குறிப்பிட்ட 4 தருணங்களைக் கவனியுங்கள்: பாராட்டு வரும்போது, கண்டனம் வரும்போது, நீங்கள் விடப்பட்டு மற்றவர் தெரிந்தெடுக்கப்படும்போது, நீங்கள் தவறு செய்தபின். பெருமை அடைத்த கதவுக்குப் பின்னால் இருந்தாலும் இந்த நான்கிலும் வெளியே வந்தே தீரும்.

பாராட்டு வந்தால் "நன்றி" என்று சொல்லி அங்கேயே நிறுத்துங்கள். "ஐயோ, நான் என்ன செய்தேன்" என்று மறுப்பது பல சமயம் இரண்டாவது கரண்டி பாராட்டைக் கேட்பதுதான். ஜெனீவாவின் ஆயர் சலேசின் பிரான்சிஸ் (1567–1622) இதை நன்றாகக் கண்டுபிடித்தார்: நாம் ஒன்றுமில்லாதவர்கள் என்று நாமே சொல்வோம், ஆனால் கேட்டவர் "ஆமாம், உண்மைதான்" என்றால் நமக்குத் தாங்காது. அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காரியத்தில் உங்களுக்கு உதவிய ஒருவருடைய பெயரை, அவர் இல்லாத இடத்தில், பாராட்டினவரிடமே சொல்லுங்கள். "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" (1 கொரிந்தியர் 4:7) என்ற வசனத்தை வாயால் ஒப்புக்கொள்வதைவிட, பெற்ற இடத்தைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவது அதிகம் வேலைசெய்யும்.

கண்டனம் வந்தால் முதல் 24 மணி நேரம் பதில் எழுதாதீர்கள், விளக்கம் சொல்லாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "எந்த இடத்தில் அப்படித் தோன்றியது?" பிறகு தனியே உட்கார்ந்து, சொன்னதில் பத்தில் ஒரு பங்கு உண்மையாக இருந்தாலும் அந்த ஒரு பங்கை எழுதிக்கொள்ளுங்கள். சொன்னவரின் நோக்கம் தவறாக இருக்கலாம், தொனி கடுமையாக இருக்கலாம். அதை ஆராயத் தொடங்கினால் பெர்னார்டின் எட்டாம் படிக்கு வந்துவிடுவீர்கள். முழுவதும் பொய்யான குற்றச்சாட்டு என்றால், விசாரித்தபின் அமைதியாக மறுப்பதில் தவறில்லை.

மற்றவர் தெரிந்தெடுக்கப்பட்டால் அவருக்காக, பெயர் சொல்லி, அவர் உங்களைவிட நன்றாகச் செய்யும்படி ஜெபியுங்கள். ஒருநாள் போதாது, 30 நாள் செய்யுங்கள். முதல் வாரத்தில் வார்த்தை தொண்டையில் சிக்கும். அது எதிர்பார்க்க வேண்டியதே, நிறுத்த வேண்டாம். சிலர் இதில் ஒரு பிழை செய்கிறார்கள்: "கர்த்தாவே, அவருக்குத் தாழ்மையைத் தாரும்" என்று ஜெபிக்கிறார்கள். அது அவருக்கான ஜெபம் அல்ல, அவர்மேல் வைத்த தீர்ப்பு.

தவறு செய்தபின் மன்னிப்புக் கேட்பதில் இஸ்ரவேலின் ராஜாக்களான சவுலையும் தாவீதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமலேக்கியர் போரில் கர்த்தரின் கட்டளையை மீறிய சவுல், அதன் பின் முதலில் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டினான். தீர்க்கதரிசி சாமுவேல் கேட்டபோது கீழ்ப்படிந்தேன் என்றான், பிறகு ஜனங்கள்மேல் பழியைப் போட்டான், கடைசியில் "நான் பாவஞ்செய்தேன்" என்றான். ஆனால் அதே வாயால், மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்றும் கேட்டான் (1 சாமுவேல் 15:12–30). தாவீதின் பாவம், வெளியிலிருந்து பார்த்தால், அதைவிடக் கொடியது: விபசாரம், கொலை. தீர்க்கதரிசி நாத்தான் முகத்துக்கு நேரே சொன்னபோது அவன் சொன்னது ஒரே வாக்கியம்: "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" (2 சாமுவேல் 12:13). காரணமும் இல்லை, பங்காளியும் இல்லை, நிபந்தனையும் இல்லை. அதனால், மன்னிப்புக் கேட்கும்போது "ஆனால்" என்ற சொல் வந்தால் அந்த வாக்கியத்தை அழித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்பதையும் அப்படியே அழியுங்கள், குற்றம் கேட்டவரின் மனத்தில் இருக்கிறது என்கிறது அது. செய்ததை அதன் பெயரால் சொல்லுங்கள். பலர் முன்னிலையில் செய்த தவறென்றால் அதே பலர் முன்னிலையில் சொல்லுங்கள். ஏற்பட்ட நஷ்டத்தை ஈடுசெய்யும் வழியைச் சொல்லுங்கள், பிறகு மறுமொழியை எதிர்பாராமல் அமைதியாயிருங்கள்.

இவற்றோடு இரண்டு நிலையான ஏற்பாடுகள் வேண்டும். ஒன்று இரகசியம். மத்தேயு 6-இல் தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றுக்கும் இயேசு ஒரே வரியைத் திருப்பிச் சொல்கிறார்: அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது. அதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ளது, அக்காலத்து வரவுச் சீட்டுகளில் "முழுத்தொகையும் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதப் பயன்பட்ட சொல். வாரத்துக்கு ஒரு நற்செயலாவது படம் எடுக்காமல், யாரிடமும் சொல்லாமல், ஜெபக் கோரிக்கையாகக்கூட மறைமுகமாகக் கசியவிடாமல் இருக்கட்டும். பொறுப்பு எவ்வளவு உயர்ந்தாலும், நாற்காலி அடுக்குவது, கழுவித் துடைப்பது போல் யாரும் கவனிக்காத ஒரு வேலையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, உசியாவிடம் இல்லாமல்போன சகரியா. உங்களிடம் சம்பளமோ பதவியோ எதிர்பார்க்காத, உங்களைப் பார்த்து வியக்காத ஒருவர் வேண்டும். உங்களால் நியமிக்கப்பட்டவர் இதற்கு உதவமாட்டார். மாதம் ஒருமுறை அவரைச் சந்தித்து, "இந்த மாதம் நான் யாரை அற்பமாக நடத்தினேன்?" என்று கேளுங்கள். ஆறு மாதமாக அவர் குறையே சொல்லவில்லை என்றால் ஆள் தவறு, அல்லது நீங்கள் கேட்ட விதம் தவறு.

உதவி பெறுவதையும் பழக வேண்டும். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்ற பேதுருவின் மறுப்பு பணிவுபோல் ஒலிக்கிறது. யார் யாருக்கு என்ன செய்யலாம் என்று தானே தீர்மானிப்பேன் என்பதுதான் அதன் உள்ளே இருந்தது. எப்போதும் கொடுக்கிறவராகவே இருப்பது ஒரு மேடு. நோயிலோ நெருக்கடியிலோ ஒருவர் உதவ வந்தால் வரவிடுங்கள், உடனே திருப்பிச் செய்து கணக்கை நேர்செய்ய ஓடாதீர்கள்.

எங்கே கெட்டுப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் பத்தாவது நாளில் அதுவே சாதனைப் பட்டியலாகிவிடும். ஒன்றை மட்டும் எடுத்து மூன்று மாதம் செய்யுங்கள். தாழ்த்தும் காரியங்களை நீங்களே தேடிப் போகாதீர்கள். நாமே தெரிந்தெடுத்த தாழ்வில் நம் விருப்பம் இன்னும் ராஜாவாகவே இருக்கும், கேளாமல் வந்து சேர்வதே நல்ல மருந்து என்று சலேசின் பிரான்சிஸ் எச்சரித்தார். கொலோசெயர் 2:23 "மாயமான தாழ்மை" என்று சொல்லுவதும் சுய இஷ்டமான பக்தியைச் சேர்ந்ததுதான். குனிந்த நடை, மெல்லிய குரல், எளிய உடை இவற்றில் தாழ்மையைத் தேடாதீர்கள். பெனடிக்டின் ஒழுங்கில்கூட உடலின் பணிவு பன்னிரண்டாவது படி, முதலாவது அல்ல.

இத்தனைக்குப் பிறகும், இவற்றைச் செய்கிறோம் என்ற பெருமை வரும். துறவி யோவான் காசியன் 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வீண்பெருமையை வெங்காயத்துக்கு ஒப்பிட்டார்: ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொன்று. அந்த எண்ணம் தோன்றியதும் பதறி, செய்துகொண்டிருக்கும் நற்செயலை நிறுத்திவிடாதீர்கள். பெருமை வந்துவிடுமோ என்று பிரசங்கத்தை நிறுத்தினால், கேட்க வந்தவர்கள்தான் பசியோடு திரும்புவார்கள். எண்ணம் வந்ததைக் கடவுளிடம் ஒரு வரியில், பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள், எண்ணத்தோடு விவாதிக்காதீர்கள். பிறகு கையில் இருக்கிற வேலையைத் தொடருங்கள்.